உப்பில் இறுகிய மரை: விழிஞ்ஞத்து அவுட்போர்டு எஞ்சின்களும் கழலாத போல்ட்டுகளும்

திருகு மரையால் இணைக்கப்படும் எந்தப் பாகமும் பின்னொரு நாள் பிரிக்கப்படும் என்ற எண்ணத்தோடுதான் இணைக்கப்படுகிறது. பிரிக்கத் தேவையில்லை என்றால் பற்றவைத்தோ தறையாணி அடித்தோ வேலையை முடித்துவிடலாம். கடற்கரையில் இந்த எண்ணம் எளிதில் பொய்த்துப்போகிறது. சில மாதங்களுக்கு முன் கையாலேயே சுழன்ற போல்ட், உப்புநீரில் நனைந்து வெயிலில் காய்ந்து மீண்டும் நனைந்த பின், ஸ்பேனரின் முழுப் பிடிக்கும் அசையாமல் நிற்கிறது. வலுவைக் கூட்டினால் தலை முறிகிறது, முறிந்த தண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது, பத்து நிமிட வேலை லேத் பட்டறைக்குப் போகும் வேலையாக மாறுகிறது. மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்கள் நாள்தோறும் இயங்கும் விழிஞ்ஞத்தைப் போன்ற துறைகளில் இது அன்றாடத் தொழிலின் பகுதியாதலால், அதன் காரணங்களையும் தீர்வுகளையும் முறையாக அறிந்துகொள்வது பயன் தரும்.

துறையும் எஞ்சினும்

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் காலத்திலேயே துறைமுகமாக விளங்கிய ஊர். பாறை முனைகளும் அலைதடுப்புச் சுவர்களும் சூழ்ந்த அதன் குடா, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அக்கம்பக்கத்துத் திறந்த கரைகளில் அலையைக் கடந்து படகு இறக்க முடியாதபோது, பிற ஊர்களின் படகுகளுக்கும் தங்குமிடமாகிறது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்கு 52 நாள் தடை நடப்பில் இருக்க, அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய மரபுவழிப் படகுகள் அத்தடைக்கு உட்படாமல் கடலுக்குச் செல்வதால், விழிஞ்ஞத்தின் எஞ்சின்கள் மிகுதியாக உழைக்கும் காலமும் அவை மிகுதியாக நனையும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அவுட்போர்டு எஞ்சின் என்பது படகின் உடலுக்குள் நிலையாகப் பதிக்கப்படாமல், பின்பலகையில் இரண்டு கைத்திருகுகளால் இறுக்கித் தொங்கவிடப்படும் எஞ்சினாகும். பாயும் துடுப்பும் கொண்டு சென்ற கட்டுமரங்களும் வள்ளங்களும் இருந்த தென்கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் இது 1980களில் வேகமாகப் பரவியது. 1980இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், 1984இல் தொடங்கப்பட்ட கேரளக் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெடும் இந்த எஞ்சின்களையும் உதிரிபாகங்களையும் மீனவர்களிடம் கொண்டு சேர்த்ததில் பங்கு வகித்தன. இவற்றுள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை: பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல் எளிதில் ஆவியாகாமல் கரியை மிகுதியாகப் படியவிடுவதால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அடிக்கடி செய்யவேண்டிய வேலையாகிறது. ஆகவே மரைகள் அடிக்கடி திறக்கப்படவேண்டிய எஞ்சினும், மரைகளை மூடிவிடும் இயல்புடைய கடலும் இங்கே எதிரெதிரே நிற்கின்றன.

மரை பிடித்துக்கொள்ளும் விதம்

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறிச் செல்லும் சரிவு. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் புரியிடை எனப்படும், 8 மி.மீ. போல்ட்டின் வழக்கமான புரியிடை 1.25 மி.மீ. ஆதலால், ஒரு முழுச் சுற்றில் அது அந்த அளவே முன்னேறுகிறது. பட்டறைக்குப் பட்டறை மரையின் வடிவம் மாறுபட்டிருந்த குழப்பத்தை நீக்க, இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 பாகைக் கோணமுள்ள மரையையும், அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணமுள்ள மரையையும் பொது அளவாக முன்மொழிந்தனர். இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகைக் கோணமே கொண்டது.

இறுக்கப்பட்ட போல்ட் உண்மையில் சிறிதளவு நீட்டப்பட்ட ஒரு சுருள்வில்லைப் போன்றது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்க முயலும் இழுவிசையே இரு பாகங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. ஸ்பேனரில் செலுத்தப்படும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலைக்கு அடியில் ஏற்படும் உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரைகளின் உராய்விலும் செலவாகி, எஞ்சிய பத்தில் ஒரு பங்கே இழுவிசையாக மாறுகிறது என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. முறுக்குவிசையின் பெரும்பகுதி உராய்வுக்கே போவதால், அந்த உராய்வு துருவினாலோ உப்பினாலோ கூடும்போது கழற்றத் தேவைப்படும் விசையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயர்ந்துவிடுகிறது. தண்டின் வலிமையோ கூடுவதில்லை. தலை முறிவதற்கான காரணம் இந்த ஏற்றத்தாழ்வில் அடங்கியிருக்கிறது.

ஆண் மரைக்கும் பெண் மரைக்கும் இடையில், சுழல வழிவிடுவதற்காக, கண்ணுக்குப் புலப்படாத இடைவெளி ஒன்று எப்போதும் விடப்படுகிறது. இறுகிப்போன மரையைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் அந்த இடைவெளியை இப்போது எது நிரப்பியிருக்கிறது என்ற ஒரே கேள்விக்குள் அடங்கும். அதற்கு விடை கண்ட பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இடைவெளியை நிரப்புபவை

முதலாவது, செந்நிறத் துரு. இரும்பு துருவாக மாறும்போது, துருவின் வகையைப் பொறுத்து, இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கூடுகிறது. மூடிய மரைக்குள் விரிய இடமில்லாத துரு, ஆப்பு அறைந்ததுபோல் இரு பரப்புகளையும் நெருக்குகிறது.

இரண்டாவது, அவுட்போர்டு எஞ்சின்களில் மிகுதியாகக் காணப்படும் வெள்ளைப் பொடி. எஞ்சினின் உறைகள் எடை குறைந்த அலுமினியக் கலவையால் வார்க்கப்படுகின்றன; அவற்றை இணைக்கும் போல்ட்டுகளோ பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்ட கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால், அதில் நனைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இவ்விரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகின்றன. அரை வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்த வேறுபாடு அவற்றுக்கிடையே எழுகிறது. இதில் எஃகு காக்கப்படுகிறது, அலுமினியம் கரைகிறது. கரைந்த அலுமினியம் வெள்ளை ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தைக் கேட்டு, மரையின் இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மின்வேதி அரிப்பு எனப்படும் இச்செயலில் போல்ட் புதிதுபோல் பளபளத்துக்கொண்டே அசையாமல் நிற்கும் என்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துபோகக்கூடும்.

இந்த உண்மையைக் கப்பல்கள் பெரும் செலவில் கற்றுக்கொண்டன. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்க 1761இல் பிரிட்டிஷ் கடற்படையின் அலாரம் என்ற கப்பலின் அடிப்புறத்தில் செப்புத் தகடு வேயப்பட்டது. 1763இல் கப்பலைச் சோதித்தபோது, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன, ஆனால் தகட்டுக்கும் ஆணிக்கும் இடையில் பழுப்புத் தாள் தற்செயலாகத் தங்கியிருந்த இடங்களில் ஆணிகள் நலமாக இருந்தன. 1824இல் ஹம்ஃப்ரி டேவி அதே விளைவைத் தலைகீழாகப் பயன்படுத்தி, துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு சேர்த்துவிட்டால் அவை தாம் அழிந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இன்று அவுட்போர்டு எஞ்சினின் அடிப்பகுதியில் திருகப்பட்டிருக்கும் துத்தநாகக் கட்டி அந்தக் கொள்கையின் வழிவந்தது. மரையில் பூசப்படும் கிரீஸ் பழுப்புத் தாளின் வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளுதல். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அதே எஃகினாலான நட்டும் எண்ணெயின்றி வேகமாக இறுக்கப்படும்போது, அவற்றைக் காக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் உராய்வில் கிழிந்து, இரு பரப்புகளும் நேரடியாகப் பற்றிக்கொள்கின்றன. இது பொருத்தும் கணத்திலேயே நேர்வதால், எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது இதற்குப் பெரிதும் உதவாது. பெரும்பாலும் நட்டை அறுத்தே எடுக்கவேண்டும்.

நான்காவது, கரி. சிலிண்டர் ஹெட்டின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கின் கடைசி மரைகளில் எரியாத எண்ணெயும் கரியும் சுட்டுப் படிகின்றன. பிளக் முதல் ஒரு சுற்று எளிதாகக் கழன்று, அதன்பின் மணல் அரைபடுவதுபோன்ற ஒலியோடு இறுகினால், வெளியே வரமுயலும் மரைகளுக்குள் கரி சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம்.

எஞ்சினில் இறுகும் இடங்கள்

படகின் பின்பலகையைப் பிடிக்கும் கைத்திருகுகள் முதலில் கவனிக்கத்தக்கவை. நாள்தோறும் எஞ்சினைக் கழற்றிக் கரைக்குச் சுமந்து செல்பவரின் திருகுகள் அசைந்துகொண்டே இருப்பதால் பெரும்பாலும் இறுகுவதில்லை. எஞ்சினைப் படகிலேயே விட்டுவைப்பவரின் திருகுகள்தாம் பருவம் முடிந்து பிரிக்கும்போது தகராறு செய்கின்றன. அடுத்து வருவது, கியர்களைத் தாங்கும் அடிப்பகுதியை எஞ்சினின் நடுத்தண்டோடு பூட்டும் போல்ட்டுகள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை மேலேற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்ற இவற்றைக் கழற்றியே தீரவேண்டும். எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டி நின்று, ஆண்டுக்கு ஒருமுறை திறக்கப்பட்டாலே அதிகம் என்ற நிலையில் இருப்பதால், எஞ்சினிலேயே மிக மோசமாக இறுகுபவை இவையே. இவற்றைத் திறக்க அஞ்சி ரப்பர்ச் சக்கரத்தை மாற்றாமல் விட்டால், குளிர்நீர் நின்று எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பாதிப்பு வளர்கிறது. வெப்பச்சீராக்கி மூடியின் சிறு போல்ட்டுகள், சுழலியின் நட், கியர் எண்ணெயை வடிக்கும் திருகு ஆகியவை இவற்றைத் தொடர்ந்து வருகின்றன.

கழற்றும் ஒழுங்கு

கைதேர்ந்த பழுதுபார்ப்பவரின் வேலையில் வலிமைக்கு முன் வரிசை இருக்கிறது. முதற்படி நன்னீரால் கழுவுதல்: உப்புப் படிவு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும் என்பதால், எண்ணெய்க்கு முன்னரே வெதுவெதுப்பான நன்னீரை ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது எண்ணெய் உள்ளே செல்ல வழி திறக்கிறது. இரண்டாம் படி ஊடுருவும் எண்ணெய். டபிள்யூ.டி-40 என்ற புகழ்பெற்ற தெளிப்பான் 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை அகற்றும் திரவமாகவே உருவாக்கப்பட்டது. துருவை ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய்கள் தனியே கிடைக்கின்றன, அவை இல்லாத இடத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். எதுவாயினும் அது மயிரிழை வழியாக ஊர்ந்து செல்லவேண்டியிருப்பதால், மாலையில் ஊற்றி மறுநாள் காலையில் கழற்ற முயல்வது, ஊற்றிய உடனே திருகுவதைவிட மிகுந்த பலன் தரும்.

மூன்றாம் படி அதிர்வு. ஸ்பேனரைப் பூட்டுவதற்கு முன் போல்ட் தலையின்மேல் நேராகச் சுத்தியலால் சில முறை தட்டினால், நொறுங்கும் இயல்புடைய துருவிலும் வெள்ளைப் பொடியிலும் விரிசல் விழுந்து எண்ணெய் இறங்குகிறது. அலுமினிய வார்ப்பு ஓங்கிய அடியைத் தாங்காது என்பதால் தட்டல் சிறிதாகவும் பலமுறையாகவும் இருக்கவேண்டும். நான்காம் படியில்தான் ஸ்பேனர் வருகிறது. பன்னிரு முனை ரிங் ஸ்பேனரைவிட, தலையின் ஆறு பக்கங்களையும் முழுமையாகத் தழுவும் அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் தலையை உருட்டாமல் காக்கும். முதலில் வலஞ்சுழியாக, அதாவது இறுக்கும் திசையில், மிகச் சிறிது அசைக்க முயன்று, பின்னர் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கால் சுற்று கழன்றதும் மகிழ்ச்சியில் தொடர்ந்து சுழற்றாமல், எண்ணெய் விட்டு மீண்டும் உள்ளே திருப்பி மீண்டும் வெளியே எடுப்பது, உடைந்த பொடி முன்னால் குவிந்து மரையை அடைப்பதைத் தவிர்க்கும். கைப்பிடியில் நீண்ட குழாயை மாட்டி நெம்பும் பழக்கம் 6 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுகளில் பெரும்பாலும் முறிவிலேயே முடிகிறது.

இவ்வளவுக்கும் அசையாதபோது வெப்பம் துணைக்கு வருகிறது. ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் துருப்பிடிக்காத எஃகைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும்: 8 மி.மீ. துளை 100 செல்சியஸ் பாகை சூடேறும்போது ஏறத்தாழ 0.018 மி.மீ. அகல, உள்ளிருக்கும் தண்டு 0.014 மி.மீ. பருக்கிறது. வேறுபாடு மிகச் சிறியதே என்றாலும், விரியும் வேகத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு இடைப்படலத்தைப் பிளந்துவிடும். எனவே சூடு காட்டவேண்டியது போல்ட்டைச் சுற்றியுள்ள உறைக்கு. போல்ட்டை மட்டும் சுட்டால் அது பருத்து மேலும் இறுகும். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்னரே உருகத் தொடங்கும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காமல் அது திடீரெனச் சரிந்துவிடும் என்பதால், திறந்த தீயைவிடச் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி பாதுகாப்பானது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நிறைந்த தொட்டி, குழாய், கார்புரேட்டர் ஆகியவற்றை அகற்றி, ஊற்றிய எண்ணெயையும் துடைத்த பிறகே எந்த வெப்பத்தையும் அருகில் கொண்டுவரலாம்.

கரி பிடித்த பிளக்குக்கு முறை சற்று வேறுபடும். எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது அலுமினிய மரை இளகி எளிதில் கிழியுமாதலால், கை தாங்கும் வெதுவெதுப்பு வரை ஆறவிட்டு, ஊடுருவும் எண்ணெயை விட்டு, சிறு சிறு அளவில் உள்ளும் வெளியும் திருப்பி எடுப்பதே நல்லது.

முறிந்த பின்

தலை முறிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததாகப் பொருளில்லை. தண்டு வெளியே சிறிதளவு நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே பற்றவைப்பது சிறந்த வழி; புதிய தலை கிடைப்பதோடு, பற்றவைப்பின் கடுஞ்சூடு இடைப்படலத்தையும் உடைத்துவிடுகிறது. தண்டு மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால் நடுவில் துல்லியமாகத் துளையிட வேண்டும். கடினமான எஃகைச் சுற்றி மென்மையான அலுமினியம் இருப்பதால் துளைமுனை வழுக்கிப் பக்கவாட்டில் உறையைத் தின்றுவிடும் ஆபத்து இங்கே பெரிது. இடஞ்சுழியாக வெட்டும் துளைமுனை கிடைத்தால், துளையிடும்போதே தண்டு சுழன்று வெளியேறிவிடுவதும் உண்டு. பெண் மரையே சிதைந்துபோனால், துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, அதற்குள் ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச்சுருளைத் திருகிப் பதித்தால், பழைய அளவு போல்ட்டே மீண்டும் பொருந்தும். எஃகுச் சுருள் அலுமினிய மரையைவிட உறுதியாகவும் இருக்கும்.

பூட்டும்போதே செய்யவேண்டியவை

மேற்சொன்ன எல்லாப் பாடுகளையும் தவிர்க்கும் வேலை, பூட்டும் வேளையில் ஒரு நிமிடத்துக்குள் முடிவது. மரைகளைத் தூரிகையால் துடைத்து, நீரில் கரையாத கடல்சார் கிரீஸையோ இறுகல் தடுப்புப் பசையையோ மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லப் பூசினால், கடல்நீர் இடைவெளிக்குள் நுழைந்து மின்கலமாக மாற வழியில்லாமல் போகிறது. செம்புத்தூள் கலந்த பசை கடல்நீரில் நனையும் அலுமினியத்துக்கு ஏற்றதன்று, ஏனெனில் அலாரம் கப்பலில் இரும்புக்கு நேர்ந்ததை அது அலுமினியத்துக்கு நேர்விக்கும். பசை பூசிய மரையில் உராய்வு குறைந்து, அதே முறுக்குவிசையில் அதிக இழுவிசை எழுமாதலால், கையேட்டில் உலர்ந்த மரைக்கெனக் குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இறுக்கவேண்டும். புதிய பிளக்கைக் கையால் முழுவதும் திருகி, வளையம் அமர்ந்த பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். முலாம் பூசிய பிளக்குகளுக்குப் பசையே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சிலர் கூறுவதன் காரணமும் மிகையிறுக்கம் பற்றிய அச்சமே. தேய்ந்த துத்தநாகக் கட்டியை மாற்றுவதும், அதன்மேல் தவறியும் பெயின்ட் பூசாமல் விடுவதும் இதே காப்பின் பகுதி.

கடலிலிருந்து திரும்பியதும் எஞ்சினை நன்னீரில் ஓட்டிக் கழுவவேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அந்த அறிவுரை படகுக்கு அருகில் குழாய் இருக்கும் படகுத்துறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மணற்கரையில் எஞ்சினைத் தோளில் சுமந்து செல்பவருக்கு ஒரு பீப்பாய் நன்னீர் என்பது தனிச் செலவு, தனி உழைப்பு. அதனால்தான் இக்கரையில் கிரீஸுக்குக் கையேடு தருவதைவிடப் பெரிய இடம் தரவேண்டியிருக்கிறது: கழுவ முடியாத நாள்களிலும் அது மரைக்குள்ளிருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறையேனும் கைத்திருகுகளை முழுவதும் கழற்றி மாட்டுவதற்கு நீரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தடைந்து, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம் இப்போது விழிஞ்ஞத்தின் மீன்பிடித் துறைக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது. அங்கு வரும் பெருங்கப்பல்களில் கண்டெய்னர்களை இழுத்துக் கட்டும் திருகுக் கட்டைகளும் மரையால் இயங்குபவையே; அவற்றை ஒழுங்கான கால இடைவெளியில் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசுவது மாலுமிகளின் எழுதிவைத்த கடமைகளுள் ஒன்று. சிறு படகில் அந்தப் பட்டியலை எழுதித் தர யாருமில்லை என்றாலும், இங்கே பூட்டுபவரும் அடுத்த பருவத்தில் கழற்றவேண்டியவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இன்று அவர் மரையில் தடவும் விரல்நுனியளவு கிரீஸின் பயன் வேறெவருக்கும் போகாமல் அவர் கைக்கே திரும்பி வருகிறது.